மிர்கால் மட்டும் விட்ட குட்டை

குட்டையில் மீன்குஞ்சு விட்ட அன்று அம்மா இருந்தார், சித்தப்பா இருந்தார், நான் இருந்தேன். அப்பா வரவில்லை. சித்தப்பா இருக்கிற இடத்துக்கு வருவதை அவர் விட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

இருவரும் ஆம்பூரில் ஒரே தோல் கம்பெனியில், ஒரே மேசையில் நின்று தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவர்கள். செலக்‌ஷன் வேலை என்பார்கள். சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியாகப் போகிறது என்று பேச்சு எழுந்ததிலிருந்து, அண்ணன் பிரித்ததைத் தம்பியும் தம்பி பிரித்ததை அண்ணனும் குறை சொல்ல ஆரம்பித்தார்கள். வீடும் ஒன்றுதான். குழம்பு வேண்டுமென்றால்கூட என் வழியாகத்தான் கேட்டுக்கொள்வார்கள். ஒருநாள் கைகலப்பாகிவிடும் என்று அம்மா பயந்தார். சித்தப்பாவுக்கு வேறு பிழைப்பு அமைத்தே தீருவது என்று முடிவெடுத்து, மலையடியில் இருந்த அந்தக் குட்டையைக் குத்தகைக்குப் பிடித்தார்.

மீன்பண்ணைக்காரர் மூன்று வகைக் குஞ்சுகளைக் கலந்து விடச் சொன்னார். கட்லா மேலே மேயும், ரோகு நடுத்தண்ணீரில், மிர்கால் அடிச்சேற்றில். மூன்றுமே கெண்டை வகைதான்.

சித்தப்பா ஒப்பவில்லை. "தோலக் கலந்து கட்டினா லாட்டே ரிஜெக்ட் ஆயிடும் அண்ணி. எல்லாம் ஒரே கிரேடா இருந்தாத்தான் ரேட்டு" என்று மிர்காலை மட்டும் வாங்கினார். விலையும் கம்மி.

பள்ளி விட்டதும் நான் போய்த் தவிடு தூவுவேன். மேலே மிதந்ததைச் சீண்ட ஆளில்லை. அடியில் மட்டும் சேறு கலங்கிக்கொண்டே இருந்தது. மாதக்கணக்கில் தீனி போட்டும் வலையில் வந்தவை விரல் நீளம்தான். தலை பெருத்து உடம்பு ஒட்டிப்போயிருந்தன.

சித்தப்பா தண்ணீர் சரியில்லை என்றார். அம்மா ஒரு மீனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தோலு செத்தது தம்பி. அடுக்கி வெச்சா சும்மா கெடக்கும். இது உசுரோட கீது. எல்லாம் ஒரே எடத்துல தின்னா இன்னாத்த வளரும்?"

"செலக்‌ஷன்ல இருக்கறது நானா, நீங்களா?"

"நீங்கதான். அதான் சொல்றேன், வலையப் போட்டுப் பாதியப் பொறுக்கி எடுங்க."

எடுத்த இடத்துக்குக் கட்லாவும் ரோகுவும் வந்தன. அதற்குப்பின் எல்லாமே பெருத்தன. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வலை இழுத்தபோது சித்தப்பா தூக்க முடியாமல் தூக்கிய கட்லா இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் ஒரு குட்டை ஒரு ஆள் பிழைக்கப் போதாது என்பதும் அன்றே தெரிந்துவிட்டது.

அம்மா சளைக்கவில்லை. யார் யாரையோ பிடித்து ராணிப்பேட்டையில் வேறொரு கம்பெனியில் சாயப் பிரிவில் சித்தப்பாவுக்கு வேலை பேசினார். வாலாஜாவில் வீடும் பார்த்தார்.

"என்னிய ஊரவிட்டே அனுப்பறீங்களா அண்ணி?"

"ஊர்தான் தம்பி வேற. ஞாயித்துக்கெழம சோத்துக்கு வந்துடுங்க."

அம்மாவோடு நான் ஒரு வாரம் பேசவில்லை. சித்தப்பாவைத் துரத்திவிட்டார் என்றே நம்பினேன். அந்த சூப்பர்வைசர் இடம் கடைசியில் ஒரு வெளியூர்க்காரருக்குப் போனபோது, எல்லாம் வெட்டிச் செலவு என்றும் முடிவு கட்டினேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன நான் விலங்கியல் எடுத்தேன். கடலடியில் நெருங்கிய உறவுள்ள மீன்களில் ஒன்று மணலையும் இன்னொன்று பாறை இடுக்கையும் பிரித்துக்கொள்ளும் என்று ஒருநாள் பாடம் நடந்தது. ஒரே இடத்தில், ஒரே தீனிக்கு நின்றால் இரண்டும் தேயுமாம். வகுப்பில் எல்லாரும் எழுதிக்கொண்டிருக்க, நான் பேனாவை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அதற்கு எங்களுக்கு ஆனது, மீன் விற்ற காசு போக அம்மா கைமாற்று வாங்கியதையும் சேர்த்து, இருபத்தெட்டாயிரம் ரூபாய்.