கால் பார்த்து அடிக்கிறவர்

ஜான்சன் பேண்டு செட்டை விட்டு வெளியேறியது போன வருடம் தை மாதம், பொங்கல் முடிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. கூரம் கிராமத்தில் மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடப்பவர். அவர் ஊர்வலத்துக்கு முன்னால் ஆட இறங்கியதும், சைடு டிரம் அடித்துக்கொண்டிருந்த ஜான்சன் பாட்டை விட்டுவிட்டு அந்தக் காலுக்கு அடிக்க ஆரம்பித்துவிட்டார். டிரம்பெட் ஒரு பக்கம், டிரம் ஒரு பக்கம். பெரியவருக்கு ஒரே குஷி. செட்டு ஓனர் ராமராஜனுக்கு முகம் சிவந்துவிட்டது.

“பாட்டு எங்க போவுது, நீ எங்கய்யா போற?”

“பெரியவரு கால் இந்தாண்ட போவுதுண்ணா.”

“அப்ப அவரு கூடவே போயிடு. எத்தினி வாட்டி சொல்றது!”

குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டார். ஜான்சன் ஜரிகை வைத்த சிவப்பு யூனிபாரத்தோடே ஷேர் ஆட்டோ ஏறி ஐயம்பேட்டைக்கு வந்து சேர்ந்தார். பதினெட்டு வருடம் அடித்த கை. விஷயம் பரவி, வேறு எந்த செட்டும் அவரைக் கூப்பிடவில்லை. பந்தல்காரரிடம் நாற்காலி ஏற்றி இறக்கப் போனார்.

“சோத்துக்குப் பஞ்சமில்லமா. கைதான் சும்மா இருக்க மாட்டேங்குது. தூக்கத்துல பாயத் தட்டுது, வீட்டுக்காரி திட்டுறா” என்றார் என்னிடம்.

அவரை நான் பார்த்தது மே மாதம். நான்கு வருடம் நாடு நாடாக அலைந்துவிட்டு வந்து, வீட்டில் உட்காரப் பிடிக்காமல், ஐயம்பேட்டை சர்ச்சின் கோடை வகுப்புப் பிள்ளைகளுக்குப் படம் காட்டப் போயிருந்தேன். பழைய கார்ட்டூன், ஏழு நிமிடம். எலியைப் பூனை துரத்தும், பூனையை நாய் துரத்தும். அவ்வளவுதான் கதை. ஆரம்பித்த உடனே ஸ்பீக்கர் செத்துப்போனது.

“அக்கா, எலி ஓடுற சத்தமே வரல. செருப்பு போட மறந்துடுச்சா?” என்றாள் ஜீவிதா என்ற வாண்டு. கூடமே கூச்சல்.

நாற்காலி போட வந்த ஜான்சன் மூலையிலிருந்த சர்ச் டிரம்மை இழுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “மொதல்லருந்து போடுமா.”

எலிக்கு டிரம்மின் விளிம்பு. பூனைக்குத் தோலின் ஓரம். நாய்க்கு நடு. பன்னிரண்டு கால்கள், இரண்டு குச்சிகள். ஒரு கால்கூடத் தப்பவில்லை. அந்தப் படத்தை நான் இருபது தடவை பார்த்திருக்கிறேன். அவருக்கு அதுதான் முதல் தடவை. எலி எப்போது திரும்பும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?

மூன்றும் மொட்டை மாடியின் விளிம்பைத் தாண்டி ஓடி, கீழே ஒன்றுமில்லாமல் காற்றில் நின்றன. கால்கள் மட்டும் சுழல்கின்றன. ஜான்சன் நிறுத்திவிட்டார். மின்விசிறி ஓடுவது கேட்டது. அறுபது பிள்ளைகளில் ஒருவரும் மூச்சு விடவில்லை. நாய் மெதுவாகக் கீழே பார்த்தது. விழுந்தன. டிரம் அதிர்ந்தது.

“அங்க ஏண்ணா நிறுத்தினீங்க?” என்றேன் பிறகு.

“கால் தரையில இல்லியேமா. எதை அடிக்கிறது?”

பேத்தியை அழைத்துப் போக வந்து வாசலில் நின்றிருந்தார் கண்ணாயிரம், தென்னேரித் தெருக்கூத்து வாத்தியார். நேராக உள்ளே வந்தார்.

“குச்சியில்லாம வெறுங்கையால அடிப்பியா?”

“அடிச்சதில்லீங்க.”

“கத்துக்க. ஆடுற கால் எங்கிட்ட இருக்குது.”

ஜான்சன் நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டார். நானும் ஜூனில் மறுபடி ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

இந்தப் பங்குனியில், பாதி உலகம் தள்ளி ஒரு பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது ஜான்சனுடைய குரல் பதிவு வந்தது:

“யம்மா, நேத்து தென்னேரியில கூத்து. வாத்தியாரே வேஷம் கட்டி ஆடுனாரு, மத்தளம் நானு, வெறுங்கையால. விடிஞ்சதும் வந்து என் கையப் புடிச்சிப் பாத்தாரு. ரெண்டு வெரலு வெடிச்சிருந்தது. ‘மருந்து போட்டுக்க, வெள்ளிக்கிழம வாலாஜாபாத்துல கூத்து’னுட்டுப் பூட்டாரு.”