பூவைக் காணாத போவிட்டியா

ஒரு செடி தன்னிஷ்டத்துக்கு வளர்ந்து நிற்பதைக் கண்டால் பத்திநாதனுக்குக் கை சும்மா இராது. நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் கவ்வாத்துக் கங்காணி. தேயிலையை மட்டம் பார்த்து வெட்டுவதே பிழைப்பாகிப் போன மனுஷனுக்கு வீடு எது, மலை எது? தான் குடியிருந்த லயத்து வாசல் செம்பரத்தையையும் விடவில்லை, மாதா கோயில் வாசல் குரோட்டனையும் விடவில்லை. பூக்க விடுங்களேன் என்று மனைவி இசபெல் கெஞ்சினால், பூத்த செடி கிழண்டு போகும் என்று தேயிலைச் சட்டம் பேசுவார்.

மஞ்சள் காமாலைக்கு அந்தப் பக்கத்தில் எல்லோரும் தேடுவது போவிட்டியா. வருஷம் முழுக்கப் பச்சையாய் நிற்கும் காட்டுச்செடி. இலையில் நீளவாக்கில் நரம்புகள் ஓடும், தொட்டால் சொரசொரக்கும், நாலு இதழில் ஊதாப் பூ வரும். மலையேறி அலைவானேன் என்று, துரை பங்களாவுக்குக் கீழே ஓடைக்கரையில் நின்ற ஒரு கன்றை நரம்பை மட்டும் பார்த்துப் பிடுங்கி வந்து லயத்துக்குப் பின்னால் நட்டார் பத்திநாதன். தளிர்க்கத் தளிர்க்கக் கிள்ளினார், மட்டம் பார்த்து வெட்டினார். சில வருஷமாகியும் அது ஒரு மொட்டு வைக்கவில்லை. வைக்க விட்டால்தானே!

ஐம்பத்தாறாம் வருஷம் நோர்வூட் கடைக்காரர் சரிபுதீன் காமாலையில் படுத்தார். இவர் கொடுத்த இலையை அவித்துக் குடித்தார், எழுந்தும் விட்டார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கங்காணியாரின் கைராசியைப் புகழ்ந்தார். பத்திநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. இலை கேட்டு வந்தவர்களை நிறுத்திவைத்து, நரம்பைக் காட்டி, எது போவிட்டியா, எது போலி என்று பாடமே நடத்தினார்.

அடுத்த மழைக்காலத்தில் சரிவில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு படுத்தார். கத்தி ஆணியில் தொங்கியது, செடி ஆசை தீர வளர்ந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து லயத்து வீரய்யாவுக்குக் கண் மஞ்சளித்தது. அவன் மனைவி மீனம்மா தினமும் வர, இசபெல் இலை பறித்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகட்டுமா என்று மீனம்மா கேட்டபோது, இலை வேலை செய்யட்டும், அவசரப்படாதே என்று படுத்தபடியே சொன்னவர் பத்திநாதன்தான்.

கோலூன்றி முதன்முதலாகப் பின்பக்கம் போன காலையில் செடியில் பூ இருந்தது. உள்ளங்கை அகலப் பூ, ஐந்து இதழ். பங்களாவில் தொரைசானி வளர்க்கும் அதே பூ! அங்கே வெட்டிக் கொட்டிய கிளை ஓடைக்கரையில் வேர்விட்டதைத்தான் இவர் காட்டுச்செடி என்று கொண்டுவந்திருக்கிறார். உடனே மீனம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டாமா? கத்தியை எடுத்துப் பூவையெல்லாம் வெட்டிக் குப்பைக்குள் அமுக்கினார். சீ, என்ன மனுஷன்! இசபெல் தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில் மீனம்மா வந்தாள். அவரே இலையைப் பறித்து நீட்டினார். அவள் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

அந்தக் கும்பிடை அவரால் தாங்க முடியவில்லை. நொண்டி நொண்டி, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் நின்ற சனமெல்லாம் பார்க்க, அவள் பின்னால் போனார்.

"மீனம்மா, அதக் குடுக்காத. அது போவிட்டியா இல்ல, பங்களாப் பூச்செடி. இப்ப தெரிஞ்சேதான் குடுத்தேன்."

அவள் இலையைக் கீழே போட்டாள். அன்றைக்கே வீரய்யாவைக் கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் ஏசினாராம். எலும்பும் தோலுமாய்த்தான் அவன் உயிரோடு திரும்பினான். சரிபுதீன் தானாகவே சுகமானவர் என்பது எல்லோருக்கும் விளங்கியது. பத்திநாதன் ஆட்கள் முகத்தைப் பார்ப்பதை விட்டார்.

ஒரு நாள் மீனம்மா வேர்மண்ணோடு ஒரு செடியைத் தூக்கிவந்தாள். நாலு இதழில் பூவும் இருந்தது. தானே குழி தோண்டி நட்டாள்.

"பூவப் பாத்துக்கங்க அண்ணே. இதுல மட்டும் கத்திய வச்சிராதீங்க."

அவர் வைக்கவில்லை. செடி ஆளுயரம் வளர்ந்தது. இலை கேட்டு வந்தவர்களுக்கு இசபெல்தான் பறித்துக் கொடுத்தாள். வாங்குவதற்கு முன் அவர்கள் பூவின் இதழை எண்ணிப் பார்ப்பார்கள். அவர்கள் எண்ணி முடித்துப் போகும்வரை பத்திநாதன் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார்.