மருந்து கலக்கிய கை

தொழிற்சுகாதார வகுப்புக்காக இன்று தோட்டங்களில் வெற்றுப் பூச்சிமருந்துத் தகரப் பேணிகள் பொறுக்கினோம். ஐம்பது வயதில் மாணவியான என்னை அந்த வாடை, இப்போது மதில்வீடுகள் எழுந்துவிட்ட எங்கள் கோப்பாய் வெங்காயத் தோட்டத்துக்கு இழுத்துப்போனது.

கிணற்றடியில் அப்பா முழங்கைவரை கையை வாளிக்குள் விட்டு மருந்து கலக்குவார். தண்ணீர் பாலாய் வெளுக்கும்வரை நான் மூச்சடக்கி நிற்பேன்.

“தடியாலை கலக்குங்கோவன்!” அம்மா கத்துவாள்.

“தடிக்குத் தெரியுமே கட்டி கரைஞ்சது?” என்று அப்பா சிரிப்பார்.

பிறகு கையை வெறுந்தண்ணீரில் அலம்பிவிட்டு, அதே கையால் சோறு குழைத்து எனக்கு உருட்டித் தருவார்.

இப்போது அவர் கைகள் நடுங்குகின்றன, நான்தான் ஊட்டுகிறேன். இன்று பேணிகளைக் கையுறை போட்டுத்தான் பொறுக்கினேன். மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். இருந்தும் சோற்றுத் தட்டை அவர்முன் வைத்துவிட்டு விரல்களை முகர்ந்து பார்த்தேன்.

“கையாலை தா பிள்ளை,” என்றார் அப்பா.

கரண்டியை எடுத்தேன்.