லெட்சுமிக்கு நான் போட்ட மதிப்பெண்

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் நான் ஆசிரியை. தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகளை மலையேற்ற முகாமுக்கு அழைத்துப்போக ஒரு சங்கத்தார் வந்தார்கள். போகுமுன்னும் திரும்பியபின்னும் ஒவ்வொரு பிள்ளையின் தைரியத்துக்கும் பத்துக்கு எத்தனை என்று நான் எழுத வேண்டும். கூடப் போன என் மகள் வசந்திக்கு ஒன்பது போட்டேன். கேள்வி கேட்டால் தலைகுனிந்து நிற்கும் லெட்சுமிக்கு இரண்டு.

முகாமன்று மூன்று மணிக்கு மலையிலிருந்து இறங்க வேண்டியவர்கள். பனி மூடிவிட்டது. வழிகாட்டி மட்டும் ஓடி வந்து, "பிள்ளைங்கள தவற விட்டுட்டேங்க" என்றார். மலையின் ஒரு பக்கம் முழுக்கப் பள்ளம். பெற்றோர் எல்லோரும் அடிவாரத்தில் நின்று தொண்டை கட்டக் கத்தினோம். ஐந்து மணியாயிற்று.

மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"மொத நெர!"

"இருக்கேன்!"

"ரெண்டாம் நெர!"

"இருக்கேன்!"

வரிசையாக இறங்கினார்கள். கூப்பிட்டபடி முன்னால் லெட்சுமி.

"நான் ஓடப் பாத்தேம்மா. 'ஒக்காருடி, பெரிய தைரியசாலி'ன்னு இவ இழுத்து ஒக்கார வச்சா. ஒங்க சத்தம் கேட்டப்புறந்தான் எறங்க விட்டா" என்று வசந்தி அழுதாள்.

"பனியில கொழுந்து எடுக்கையில எங்கம்மாங்க வரிசையா நின்னு இப்படித்தான் நெரைக்கு நெர கூப்பிட்டுக்குவாங்க, டீச்சர்" என்றாள் லெட்சுமி, தலைகுனிந்தபடியே.

மறுநாள் சங்கத்தார் ஒருவர், "முகாமால் லெட்சுமியின் தைரியம் எவ்வளவு கூடியிருக்கிறது?" என்று தாளை நீட்டினார். அதில் நான் போட்ட இரண்டு இருந்தது. அதை அடித்துவிட்டு, "முன்பு நான் அளந்தது தவறு" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

இப்போதும் தலைகுனிந்து நிற்கும் பிள்ளையைக் கண்டால், பேனாவை மூடி வைத்துவிடுகிறேன்.