டிரில்லுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி

கடைக்காரர் என் கணவரிடமே பேசிக்கொண்டிருந்தார். சூலியா தெருவில், தமிழ் முஸ்லிம் ஒருவரின் இரும்புச் சாமான் கடை அது. பக்கத்தில் நான் ஒருத்தி நிற்பது அவர் கண்ணுக்கே தெரியவில்லை.

"அண்ணே, இது மோட்டார் பெருசு. பெயிண்டைப் பாருங்க, சும்மா பளபளன்னு இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க."

என் கணவர் பட்டர்வொர்த் ஃபெர்ரிக் கப்பலில் கயிறு பிடிக்கும் வேலையில் இருந்தார். பெஞ்ச் டிரில்லைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அது துளை போடும், அதைப் பெஞ்சின் மேல் வைப்பார்கள் என்பது மட்டும்தான். பாவம், திருதிருவென்று முழித்தார்.

"யாருக்கு மெஷினு?" கடைக்காரர் அப்போதுதான் கேட்டார்.

"எனக்கு," என்றேன்.

"தங்கச்சி, இது தையல் மெஷின் இல்லலா!" என்று சிரித்தார்.

வந்ததே எனக்குக் கோபம். பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் டிரில் மெஷின் முன்னால் நின்றவள் நான். எண்பதுகளின் நடுவில், வேலை குறைந்துவிட்டது என்று எங்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது கொடுத்த காசைத்தான் இடுப்பில் சொருகிக்கொண்டு அந்தக் கடைக்குப் போயிருந்தேன். இந்த மனுஷன் எனக்குத் தையல் மெஷினைப் பற்றிச் சொல்கிறார்.

அந்தப் பளபள மெஷினின் கைப்பிடியை இழுத்துத் தண்டைக் கீழே இறக்கினேன். இறக்கிய நிலையில் அதைப் பிடித்து ஆட்டினேன். 'லொடக் லொடக்' என்றது. பிறகு என் தாலிச் சங்கிலியிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றினேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் தாலியில் இரண்டு மூன்று ஊக்குகள் தொங்கும், அவசரத்துக்கு ஆகும். மெஷினின் வாயான சக்கில் துளை போடும் பிட் ஒன்றை மாட்டி, ஊக்கின் முனையை அதன் ஓரத்தில் உரசுகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு, கப்பியைக் கையால் மெல்லச் சுற்றினேன். பாதிச் சுற்றில் பிட் ஊக்கைத் தொட்டது. மீதிப் பாதியில் விலகி நின்றது.

"நல்லா பாருங்க. சுத்தும்போதே கோணுது. இதுல ஓட்டை போட்டா ஓட்டையா விழும்? பள்ளமாத்தான் விழும்."

கடைக்காரர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். மூலையில் தூசி படிந்து கிடந்த பச்சை மெஷினிடம் போனேன். சின்னது, பார்க்க லட்சணம் கிடையாது. ஆனால் தண்டை எவ்வளவு ஆட்டினாலும் அசையவில்லை. ஊக்கு முனை முழுச் சுற்றுக்கும் ஒரே மாதிரி உரசியது. "இதைக் குடுங்க," என்றேன்.

"சரிம்மா. ஒரு வாரத்துக்குள்ள கொண்டாந்தா மாத்திக்கலாம். ஆனா ஒரு கீறல் இருக்கக் கூடாது."

மாற்றுவதற்கா வாங்கினேன் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு வாரம் என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

அந்த மெஷின் எனக்கு எதற்கு என்று சொல்ல வேண்டும். பட்டர்வொர்த்தில் காவடி கட்டித் தரும் ஒருவர் இருந்தார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும் பெரிய காவடிகள். தோளில் உட்காரும் அலுமினியப் பட்டைகளில் வரிசை வரிசையாக ஓட்டைகள் இருக்கும். அந்த ஓட்டைகள் வழியாகத்தான் மெல்லிய கம்பிகள் இறங்கி, எடுப்பவரின் நெஞ்சையும் முதுகையும் தொடும். கையில் பிடிக்கும் டிரில்லால் போட்ட ஓட்டை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் போதும். அவர் நடக்க நடக்கக் கம்பி சதையைக் கிழிக்கும். அதற்கு முந்தின வருஷம் ஒருவருக்கு அப்படித்தான் ஆகிவிட்டது. "நேரா ஓட்டை போட ஆள் கிடைச்சா வேலை பூரா அவங்களுக்குத்தான்," என்று காவடி கட்டுபவர் என் கணவரிடம் ஃபெர்ரியில் புலம்பியிருக்கிறார். கணவர் வீட்டில் வந்து சொன்னார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். முதல் காவடிக்கான பட்டைகளை, மெஷின் வாங்கிய வாரத்துச் சனிக்கிழமை சாயங்காலம் கொடுப்பதாக ஒப்புக்கொண்டேன்.

இப்போது என் நாத்தனார். கணவரின் அக்கா. பெற்றோர் போன பிறகு அவரைத் தூக்கி வளர்த்தவள், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். அவள் வார்த்தையை என் கணவர் தட்டியதே கிடையாது. தொழிற்சாலைக் காசில் நான் நாலு வளையல் எடுப்பேன் என்று எதிர்பார்த்திருந்தவள், மெஷினைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வளையல் போடுற கையில இரும்பை வாங்கிக்கிட்டு வந்திருக்கியே, உனக்குப் புத்தி கித்தி இருக்கா?"

"வளையல் எனக்குச் சோறு போடுமா அக்கா?" என்றேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டின் பின்கட்டில் மெஷினை நிறுத்தினேன். இடித்த கடைவீடு ஒன்றின் கதவுப் பலகையைத்தான் பெஞ்சாக்கியிருந்தேன். இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும், அவ்வளவு கனம். மெஷின் அதிரும்போது நகராமல் இருக்கப் பழைய டயர் ட்யூபை வெட்டி அடியில் போட்டு, நாலு போல்ட்டையும் நானே முடுக்கினேன். மெஷினின் சொந்த சுவிட்ச் அதன் தலைப்பகுதியில் ஓரமாக இருந்தது. அவசரத்தில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஒயர்க்காரரைக் கூப்பிட்டுப் பெஞ்சின் விளிம்பில் இடுப்பு உயரத்துக்கு இன்னொரு சுவிட்ச் வைக்கச் சொன்னேன். இடுப்பால் இடித்தால் அணையும். பெல்ட்டையும் வேண்டுமென்றே கொஞ்சம் தொய்வாக விட்டேன். ஏதாவது சிக்கினால் மோட்டார் சுற்றட்டும், பிட் நிற்கட்டும் என்று.

நான் கை கழுவப் போயிருந்த நேரத்தில் என் கணவர் ஒரு காரியம் செய்திருந்தார். புது மெஷின் அல்லவா, சந்தனம் குங்குமம் எல்லாம் குழைத்து, கண்ட இடத்திலும் பொட்டு வைத்துவிட்டார். சக்கைப் பொருத்துவதற்காக நான் பளிச்சென்று துடைத்து வைத்திருந்த தண்டின் முனையையும் விடவில்லை. எனக்கு அது தெரியாது. சக்கை ஏற்றி மரச்சுத்தியலால் தட்டி முதல் ஓட்டையைப் போட்டேன். பாதியில் சக் தடாலென்று கழன்று விழுந்து உருண்டது. பார்த்தால், உள்ளே வழவழவென்று சந்தனம்.

"சாமி காரியம்னுதானே வெச்சேன்," என்றார்.

"சாமிக்கு நெத்தியில வைங்க. இதுக்கு நெத்தி மேல இருக்கு!" என்று கத்திவிட்டு, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து நாத்தனார் உள்ளே வந்தாள்.

குங்குமத்தை மண்ணெண்ணெய் விட்டுத் துடைப்பதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு சுவரைப் பார்த்தாள். அங்கே ஓர் ஆணி. ஆணியில், பிட்டை முடுக்கும் சக் சாவி. சக் சாவிக்குப் பக்கத்தில் என் தாலி.

"அடியே! கழுத்துல இருக்கிறது கழுத்துல இல்லாம ஆணியில தொங்குதே! என் தம்பி உசுரோட நிக்கிறானே, கண்ணு தெரியலையா?"

நான் விளக்கினேன். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்சைப் போட்டால் சாவி பறந்து வந்து முகத்தில் அடிக்கும். தாலியைக் கழுத்தில் விட்டுவிட்டு சுவிட்சைப் போட்டால் பிட் அதைச் சுருட்டிக்கொள்ளும். ஆகவே இரண்டும் ஆணியில் இருந்தால்தான் நான் சுவிட்சைத் தொடுவேன். தொழிற்சாலையில் எனக்கு அடுத்த மெஷினில் நின்ற மலாய்ப் பெண்ணின் சங்கிலி சிக்கியதைக் கண்ணால் பார்த்தவள் நான். பிழைத்துக்கொண்டாள். கழுத்தைச் சுற்றி விழுந்த தழும்பு மட்டும் போகவே இல்லை.

"கழட்டாம ஜாக்கெட்டுக்குள்ள போட்டுக்கயேன்," என்றார் கணவர், இரண்டு பேருக்கும் நல்லவராக.

"நூறு தடவை குனியிறேன். தொண்ணூத்தொம்பது தடவை உள்ளதான் இருக்கும்."

நாத்தனார் மசிந்தால்தானே. "மூணு முடிச்சுல ரெண்டு நான் போட்டது. கோயில்ல எல்லார் முன்னாடியும் போட்டேன். அதைக் கழட்ட உனக்கு யாரு உரிமை குடுத்தது?"

எனக்கும் பொறுமை போய்விட்டது. "நீங்க போட்ட முடிச்சு கெட்டிதான் அக்கா. அப்புறம் மாத்துன சங்கிலியும் கெட்டி. பயமே அதுதான். அறுந்து போனா பரவால்ல. அறுபடலன்னா என் கழுத்துல்ல போவும்?"

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "சனிக்கிழமையோட கடைக்காரன் சொன்ன வாரம் முடியுது. எதிர்வீட்டு வேனுக்குச் சொல்லி வெச்சிருக்கேன். இந்த மெஷினு இந்த வீட்டுல இருந்தா நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்." என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்பது வருஷம் யாரோ ஒருவருக்காக ஓட்டை போட்டேன். ஒருவரும் தாலி எங்கே என்று கேட்கவில்லை. எனக்காக ஓட்டை போட ஆரம்பித்த முதல் நாளே இத்தனை கூத்து. "மெஷினைத் தூக்கணும்னா முதல்ல போல்ட்டைக் கழட்டணும். ஸ்பேனர் என்கிட்ட இருக்கு," என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அந்த வாரம் பூராவும் ஸ்பேனரைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்கினேன். சோறு ஆக்கினேன், பேசவில்லை.

பகலெல்லாம் வேலை செய்தேன். வரிசைகள் ஒவ்வொன்றாக முடிந்தன. ஒவ்வோர் ஓட்டையிலும் ஒரு கம்பியை விட்டு, அது பட்டைக்கு நேர்செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்தேன். நின்றது. சனிக்கிழமை மத்தியானம் ஒரே ஒரு பட்டைதான் பாக்கி, இருப்பதிலேயே நீளமானது. அதன் மறுமுனை தொங்கினால் ஓட்டை சாய்ந்துவிடும். பால் டின்களை அடுக்கி முட்டுக் கொடுத்தேன், சரிந்து சரிந்து விழுந்தன. அந்த நேரத்தில்தான் நாத்தனார் வந்தாள். வாசப்படி மிதிக்கமாட்டேன் என்றவள், மெஷின் போவதைக் கண்ணால் பார்க்க வந்திருந்தாள்.

"தம்பி வேன் கொண்டாறப் போயிருக்கான். நிப்பாட்டு."

"ஒரு வரிசை இருக்கு அக்கா."

"நிப்பாட்டுன்னு சொல்றேன்ல!"

கைப்பிடியை விடாமல் பிட்டை இறக்கிக்கொண்டே இருந்தேன். அவள் விறுவிறுவென்று வந்து, மேலே இருந்த மெஷின் சுவிட்சை அணைக்கக் கையை நீட்டி முன்னால் சாய்ந்தாள். அவளுடைய தாலிச் சங்கிலி என்னுடையதைவிட இரண்டு மடங்கு கனம். நெஞ்சிலிருந்து ஊசலாடி முன்னால் வந்தது. 'அக்கா' என்று என் வாயில் வருவதற்குள் சக் அதைப் பிடித்துவிட்டது.

இடுப்பால் சுவிட்சை இடித்தேன். பெல்ட் கீச்சென்று வழுக்கியது. சங்கிலி மூன்று சுற்று சுருண்டு நின்றபோது அவள் நெற்றி மெஷினின் தலையில் முட்டிக்கொண்டிருந்தது. கண்கள் என் கண்களுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன.

கப்பியைக் கையால் பின்னோக்கிச் சுற்றினேன். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. சங்கிலி விடுபட்டது. அறுந்து போகவில்லை. அவள் கழுத்தின் பின்பக்கம் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். 'நான் சொன்னேனா இல்லையா' என்று கேட்க நாக்கு துடித்தது. நான் ஒன்றும் சாமியார் இல்லை, கேட்டே விட்டேன்.

கணவர் வந்து நின்றார். தெருவில் வேன் ஹாரன் அடித்தது. அக்காவின் கழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். அதன் பச்சைப் பெயிண்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். சங்கிலி இழுத்துக்கொண்டு போன தடம்.

"அக்கா, தூக்கவா?" என்று கேட்டார்.

"எப்படிடா தூக்குவே? கீறல் விழுந்துருச்சில்ல, கடைக்காரன் எடுப்பானா?" கழுத்தைத் தடவிக்கொண்டாள். "போய் அந்த வேனை அனுப்பு. ஹாரன் அடிச்சு உசுர வாங்குறான்."

அவர் போனார். நான் பால் டின்களை மறுபடி அடுக்கினேன். மறுபடி சரிந்தன. அவள் பட்டையின் பக்கம் வந்தாள்.

"அந்தக் கோடியை யாராச்சும் புடிச்சா போதுமா?"

"போதும்."

தாலிச் சங்கிலியின் கொக்கியைக் கழற்ற அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. பல வருஷமாகக் கழற்றாத கொக்கி. நான் உதவிக்குப் போகவில்லை. கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பத்து நிமிஷம்தான். முருகன் காரியமாச்சேன்னு பாக்கிறேன். வெளிய யார்கிட்டயாச்சும் மூச்சு விட்டே, தொலைச்சிடுவேன்."

இத்தனை வருஷம் கழித்து, இதோ, எல்லாரிடமும் சொல்கிறேன்.

அவள் பட்டையின் மறுமுனையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். நான் எப்போதும் போல ஆணியைப் பார்த்தேன். சக் சாவி இருந்தது. என் தாலி இருந்தது. அவள் தாலியும் இருந்தது. சுவிட்சைப் போட்டேன்.