டா டி டா வந்தால் படம் தெரியும்

அன்று இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி, கணினியைத் தூக்கிக்கொண்டு வந்த நண்பர், கீழ்வீட்டு அண்ணன், அவருடைய மனைவி. ஆறாவதாக ஒருவரும் இல்லை. எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனார், அவ்வளவுதான், உள்ளே வரவில்லை. இதை இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. அன்று என் ரேடியோவின் ஒரு திருகை யாரோ திருப்பியிருக்கிறார்கள். இந்த ஐவரில் ஒருவர்தான். நான் திருப்பவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. சிங்கப்பூரில், பிடோக்கில் ஒன்பதாவது மாடியில் எங்கள் மூவறை வீடு. சிராங்கூன் ரோட்டில் ஒரு மின்சாமான் கடையில் மின்விசிறி, மிக்ஸி பழுது பார்ப்பது என் வேலை. படிப்பைத் தொடக்கப்பள்ளியோடு விட்டவன் நான். என் வாழ்க்கையில் நான் தேறிய ஒரே பெரிய பரீட்சை, வீட்டிலிருந்தே ரேடியோவில் ஊர் உலகத்தோடு பேச அனுமதிக்கும் அமெச்சூர் வானொலி உரிமத்துக்கானது. புள்ளியும் கோடுமாகத் தட்டும் மோர்ஸ் பகுதியில் முதல் தடவையே தேறிவிட்டேன். ஆங்கிலத்தில் எழுத வேண்டிய பகுதிதான் என்னை மூன்று தடவை அலைக்கழித்தது. அந்த உரிமத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அலமாரியில் மனைவியின் பட்டுச் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். அது பறிபோய்விடுமோ என்ற பயம் அது கைக்கு வந்த நாளிலேயே வந்துவிட்டது. என் நிலையத்திலிருந்து என்ன போனாலும் நான்தான் பொறுப்பு என்பது விதி. வானொலியில் வியாபாரமோ கொடுக்கல் வாங்கலோ பேசக்கூடாது என்பது இன்னொரு விதி. இரண்டையும் நான் மறந்ததே இல்லை.

மோர்ஸில் எனக்குப் பயமில்லை. தட்டும் கீயை அழுத்தினால் போகும், கையை எடுத்தால் நின்றுவிடும். நான் அனுப்புவது என் காதிலேயே விழும். பேசி முடித்ததும் டா டி டா என்று தட்டுவோம். இனி நீங்கள் பேசலாம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு என் பக்கம் அமைதி.

நண்பர் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர், ஓர் அலுவலகத்தில் கணினி டெக்னீஷியன். நான் அவரைப் பிரதர் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். அவருக்கும் உரிமம் உண்டு. ஆனால் அவர் வீடு இரண்டாவது மாடி, சுற்றிலும் உயரமான அடுக்குமாடிப் புளோக்குகள். என் வீட்டிலோ துணி காயப்போடும் மூங்கில் கழியோடு கழியாக ஏரியல் கம்பியைக் கட்டி வெளியே நீட்டியிருந்தேன். ஆகவே சனிக்கிழமைதோறும் சிம் லிம் கடைத்தொகுதியில் வாங்கிய கணினியோடும், தானே சால்டர் வைத்துச் செய்த ஒரு கறுப்புப் பெட்டியோடும் வந்துவிடுவார். கணினியில் தட்டும் எழுத்துகளை அந்தப் பெட்டி இரண்டு ஸ்வரங்களாக மாற்றி என் ரேடியோ வழியாக அனுப்பும். காதில் விழுவது கிலுகிலுப்பைச் சத்தம்தான்.

"அண்ணே, இன்னும் டிக் டிக்குன்னு தட்டிக்கிட்டு இருக்கீங்க. உலகமே டைப் அடிக்குது லா."

"என்ன போகுதுன்னு என் காதுக்கு விளங்கலையே, பிரதர்."

"காது எதுக்கு? ஸ்கிரீனைப் பாருங்க."

"ஸ்கிரீன்ல இருக்கிறதுதான் வெளியே போகுதுன்னு யாரு சொன்னா?"

"நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கணும்ணே," என்று சிரித்தார்.

சிரிக்கட்டும். எனக்குச் சந்தேகம் தீரவில்லை. ஒசாக்காவில் ஒருவரைப் பல ஆண்டுகளாக மோர்ஸில் கேட்டு வந்திருக்கிறேன். அவர் தட்டுவது நொண்டி நடப்பது போல இருக்கும், இரண்டே எழுத்தில் அவர்தான் என்று சொல்லிவிடுவேன். அவரும் பெட்டி வாங்கிவிட்டார். ஒரு சனிக்கிழமை அவருடைய அழைப்புக் குறி பச்சை எழுத்தில் திரையில் வந்து நின்றது. மற்ற எல்லோருடைய எழுத்தும் எப்படியோ அப்படியே. இது அவர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டேன். அதான் பேர் போட்டிருக்கே என்றார் நண்பர். பேரை யார் வேண்டுமானாலும் போடலாமே.

இதற்கு நடுவில்தான் கீழ்வீட்டு அண்ணன் மேலே வந்தார். தேக்கா மார்க்கெட்டில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்தார். புதிதாகக் கலர் டிவி வாங்கியிருந்தார்.

"தம்பி, மூணு சனிக்கிழமையா படத்துல கதாநாயகிக்கு முகமே இல்ல. குறுக்கும் நெடுக்குமா கோடு. உங்க கம்பிதானே?"

"நான் அந்த நேரத்துல தட்டுறதே இல்லண்ணே."

"அப்ப யாரு? சனிக்கிழமை வந்து என் வீட்ல உட்காருங்க, பார்த்துடுவோம். உங்க வீட்டுக் கம்பிதான்னு தெரிஞ்சா திங்கட்கிழமை லெட்டர் போயிடும்."

லெட்டர் யாருக்குப் போகும் என்று நான் கேட்கவில்லை. யாருக்குப் போனாலும் கடைசியில் அது என் உரிமத்தைத்தான் வந்து தொடும். அந்த வாரம் முழுக்கக் கடையில் எந்த மின்விசிறியைக் கழற்றினாலும் மாட்டும்போது ஒரு திருகாணி மிஞ்சியது.

சனிக்கிழமை ஏற்பாடு இப்படி. நானும் அண்ணனும் கீழே டிவி முன்னால். நண்பர் மேலே ரேடியோ முன்னால். என் மனைவி எங்கள் சமையலறை ஜன்னலில், அவர் மனைவி தங்கள் சமையலறை ஜன்னலில். மேலே நடப்பதை என் மனைவி கத்த, கீழ்வீட்டு அக்கா எங்களிடம் சொல்ல வேண்டும்.

"முதல்ல மோர்ஸாம்!" என்று குரல் வந்தது.

திரையில் மெல்லிய கோடுகள் விட்டுவிட்டு வந்தன. என் ரேடியோ அண்ணனின் டிவி வரைக்கும் வருகிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இது நீங்க இல்லையே?"

"எப்படிண்ணே தெரியும்?"

"பழைய டிவியிலேருந்தே இத்தனை வருஷமா பார்க்கிறேன். நீங்க வேகமா போவீங்க. கடைசியில இப்படி ஒரு இழுப்பு இழுப்பீங்க." நாற்காலிக் கையில் விரலால் தட்டிக் காட்டினார். டா டி டா. "அது வந்துட்டா அப்புறம் படம் தெரியும். அதனால நான் ஒண்ணும் சொல்றதில்ல. இவரு ரொம்ப ஸ்லோ."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யாருக்கும் தெரியாது என்று நினைத்து நான் தட்டியதையெல்லாம் ஒருவர் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வேறு யார் யார் பார்த்தார்களோ.

"இப்ப பெட்டியாம்!"

திரை முழுவதும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் விழுந்து அப்படியே நின்றன. விட்டுவிட்டு வரவில்லை, குறையவும் இல்லை.

"ஆங்! இதேதான்!" என்று அண்ணன் தொடையில் தட்டினார்.

சிறிது நேரத்தில் சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார். "முடிச்சுட்டாராம்ங்க."

கோடுகள் அப்படியே இருந்தன. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் டிவியைப் பார்த்தேன்.

"முடிச்சாச்சுன்னு சொல்றாங்க?"

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்கக்கா."

"கேட்டுட்டேன். பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்காராம்."

காத்துக்கொண்டிருக்கிற ஆளிடமிருந்து எப்படி வெளியே போகும்? எனக்குத் தெரியாமல் என்ன அனுப்புகிறார்? நான் படியேறி ஓடினேன். கதவுக்கு வெளியிலேயே கருகிய வாடை.

உள்ளே நண்பர் கையைக் கட்டிக்கொண்டு, வெறும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "யாருமே பதில் தர மாட்டேங்கிறாங்கண்ணே," என்றார். பதில் எப்படி வரும்? அனுப்பும் சுவிட்சை அவர் கேட்கும் பக்கம் திருப்பவே இல்லை. டைப் அடிப்பதை நிறுத்தினால் பேச்சு முடிந்தது என்று நினைத்திருக்கிறார். பெட்டியோ ஒன்றும் சொல்லாமலே ஒற்றை ஸ்வரத்தை முழு மூச்சாக அனுப்பிக்கொண்டிருந்தது. நான் சுவிட்சை எட்டுவதற்குள் ரேடியோவுக்குள் பட்டென்று ஒரு சத்தம்.

கீழேயிருந்து அண்ணனின் குரல் கேட்டது. "படம் வந்துருச்சு!"

ரேடியோவுக்குள் பல்பு மாதிரி இருக்கும் அனுப்பும் டியூப் இரண்டும் போய்விட்டன. மோர்ஸ் தட்டும்போது இடையிடையே மூச்சு விட்டுக்கொள்ளும் டியூப்கள் அவை. பெட்டியை ஓட்டும்போது ரேடியோவின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் திருகைப் பாதிக்குக் குறைக்க வேண்டும் என்று நண்பரே எனக்குச் சொல்லியிருக்கிறார். திருகைப் பார்த்தேன். முழுசாக ஏறியிருந்தது.

"நான் பாதியிலதான் வச்சேன்," என்றார் நண்பர்.

"அப்ப யாரு ஏத்தினா?"

"கீழ போறதுக்கு முன்னாடி நீங்கதானே கடைசியா தொட்டீங்க. பெட்டி மேல பழி வரணும்னு நீங்களும் கீழ்வீட்டு அண்ணனும் சேர்ந்து செட்டப்பா?"

என் ரேடியோவை நானே எரிப்பேனா? மோர்ஸுக்காக அவர்தான் ஏற்றிவிட்டு இறக்க மறந்திருப்பார் என்பது என் எண்ணம். அதற்குள் மேலே வந்துவிட்ட அண்ணன் புகையைக் கையால் விசிறிக்கொண்டே கேட்டார்.

"பெட்டி யாரோடது?"

"என்னோடது," என்றார் நண்பர்.

"சுவிட்சை அணைக்காம விட்டது?"

நண்பர் பெட்டியின் ஒயரைக் கழற்றத் தொடங்கினார்.

"அப்ப காசு நீங்கதான் குடுக்கணும். தம்பி, லெட்டர் கிடையாது. டிக் டிக் ஓகே, நம்ம தம்பின்னு தெரியுது. அந்த டைப் அடிக்கிறது மட்டும் இந்த வீட்ல வேணாம்."

உரிமம் சேலைகளுக்கு அடியிலேயே பத்திரமாக இருந்தது. புதிதாக வாங்கி மாட்டிய ஒரு ஜோடி டியூப் விலை தொண்ணூறு வெள்ளி. நண்பர் முப்பது கொடுத்தார், பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிற வழியில் இருபது. அப்புறம் குவீன்ஸ்டவுனில் உயரமான மாடியில் வீடு கிடைத்துப் போய்விட்டார். அங்கே சொந்த ஏரியல், புதிய கணினி, புதிய பெட்டி. கோடு விழுகிறது என்று அவருடைய கீழ்வீட்டுக்காரர் என்ன சொன்னாரோ, தெரியாது.

அதன்பிறகு நாங்கள் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. தொலைபேசி எண் மாறிவிட்டது, புதியதை அவர் தரவில்லை. ஆனால் வானொலியில் மட்டும் தவறாமல் வருவார், அதுவும் எனக்காக மோர்ஸில், அதே மெதுவான கையால். உடம்பு எப்படி, மழை எப்படி, அண்ணி எப்படி என்று விசாரிப்பார். கடைசியில் டா டி டா. இனி நீங்கள் பேசலாம் என்கிறார். நான் என்ன பேச? பண விவகாரம் வானொலியில் பேசக்கூடாது. யார் கேட்டுக்கொண்டிருப்பார்களோ, கீழே டிவியில் அண்ணன்கூடப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இந்த விதி நண்பருக்கும் தெரியும். அதனால்தான் இங்கே மட்டும் வருகிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மனைவியிடம் சொன்னால், "உங்களுக்கு எல்லார் மேலயும் சந்தேகம்தான்," என்கிறாள். அன்று மேலே அந்த அறைக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தவள் அவள். திருகைத் தொட்டாயா என்று நான் அவளிடம் இதுவரை கேட்கவில்லை.

நானும் கீயைத் தொட்டு, இங்கேயும் மழைதான் என்று தட்டி, டா டி டா என்று முடித்துவிடுகிறேன். வரவேண்டியது இன்னும் நாற்பது வெள்ளி.