மாமன் கொடுத்த கம்பளி

குழந்தையின் சிறுநீர் வெள்ளைத் துணியில் வரக்காப்பி நிறத்தில் படிந்திருந்தது. முதலில் பார்த்தவள் என் தங்கை ஜரினா. "காக்கா, இங்கன வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். எங்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா என்றுதான் அழைப்போம். அவளுடைய மகன் இர்ஃபான் பிறந்து அன்றைக்கு ஒன்பதாவது நாள். உள்ளங்கால் வரைக்கும் மஞ்சளாக இருந்தான். பால் குடிக்க எழுப்பினால் எழவில்லை.

பிறந்த மூன்றாம் நாளே அவனுக்கு மஞ்சள் தட்டியிருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் இரண்டு நாள் ஒளிச்சிகிச்சை (நீல விளக்கின் கீழே குழந்தையைக் கிடத்துவது) கொடுத்து, குறைந்துவிட்டது என்று அனுப்பியிருந்தார்கள். நிறையப் பிள்ளைகளுக்கு வருவதுதான் என்றார்கள். அது உண்மையும்கூட. அதனால் நாங்கள் சந்தோஷமாகவே வீடு திரும்பினோம்.

முதல் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவரும்போது தாய்மாமன் வாங்கிய துணியில் சுற்றிக் கொண்டுவருவது எங்கள் குடும்ப வழக்கம். நான் ஏசி மெக்கானிக். சவூதியில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவன். கடைசியாகத் திரும்பியபோது, மயில்படம் போட்ட சின்னக் கம்பளி ஒன்று வாங்கிவந்தேன். ஜரினாவுக்கு அப்போது மாப்பிள்ளைகூடப் பார்க்கவில்லை. அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்று வாங்கியாயிற்று. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் ஆறு வருடம் உம்மாவின் பீரோவில் இருந்தது. மருத்துவமனையிலிருந்து இர்ஃபானை அதில்தான் சுற்றிக் கொண்டுவந்தோம். எங்கள் ஊர் மேலப்பாளையத்தில் இப்படி ஒரு கம்பளி இல்லாத வீடு குறைவு. இந்த வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அது போர்த்திக்கொள்வதற்கு அல்ல, வைத்திருப்பதற்கு.

மறுபடியும் அதே மருத்துவமனைக்கு ஓடினோம். இந்த முறை தீவிர சிகிச்சைப் பிரிவில் துணியெல்லாம் கழற்றி விளக்கின் கீழே போட்டார்கள். இரண்டு நாளில் மஞ்சள் இறங்கியது. தாயிடம் கொடுத்தார்கள். அறையில் ஏசி குளிர்ந்ததால் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள் ஜரினா. மறுநாள் பரிசோதனையில் மஞ்சள் முன்னைவிட ஏறியிருந்தது.

குழந்தைகள் டாக்டர் வள்ளியூர்க்காரர், பேச்சில் ஊர் மாறாத பெண்மணி. சுற்றி வளைக்காமல் சொன்னார். "பிலிருபின் (சிவப்பணு உடையும்போது உண்டாகும் மஞ்சள் பொருள்) இப்படியே ஏறிச்சின்னா மூளைக்குப் போயிரும். காது கேக்காமப் போவலாம், உயிருக்கும் ஆபத்து. நாளைக் காலைக்குள்ள எறங்கலன்னா ரத்தம் மாத்தணும்."

இரத்த மாற்று என்றால் குழந்தையின் இரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு, தானமாக வந்த இரத்தத்தைச் செலுத்துவது. இரண்டரைக் கிலோ பிள்ளைக்கு எவ்வளவு இரத்தம் இருந்துவிடப்போகிறது? குவைத்திலிருந்து வீடியோவில் பார்த்த மைத்துனர், ஜரினாவின் கணவர், "போன்ல எல்லாருமே மஞ்சளாத்தான் தெரியுதாங்க" என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

டாக்டர் கேட்டார்: "இங்க எங்ககிட்ட இருக்கும்போது எறங்குது, உங்ககிட்ட தந்தா ஏறுது. புதுசா என்ன குடுத்தீய? நாட்டு மருந்து? மருதாணி?"

"ஒண்ணும் மாத்தல டாக்டர்" என்றேன்.

சொல்லி முடித்ததுமே எனக்கு வெட்கமாகிவிட்டது. ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றுபோனால் நான் முதலில் கேட்பதும் இதைத்தான்: கடைசியாக என்ன மாற்றினீர்கள்? எல்லா வீட்டுக்காரர்களும் ஒன்றும் மாற்றவில்லை என்பார்கள். ஏதோ ஒன்றை மாற்றித்தான் இருப்பார்கள். நான் ஒரு காகிதத்தை எடுத்து, பிள்ளைமேல் பட்டதையெல்லாம் எழுதினேன். சோப்பு, எண்ணெய், பவுடர், ஜரினா சாப்பிட்ட பூண்டுக் குழம்பு வரை எழுதினேன். கம்பளியை எழுதவில்லை. அது என்னுடையது, சுத்தமானது.

பட்டியலைப் பார்க்கக் குனிந்த டாக்டர், ஜரினாவின் மடியில் கம்பளியோடு இருந்த பிள்ளையின் பக்கம் மூக்கைத் திருப்பினார். "இது என்ன வாசம்?"

"புதுத்துணி வாசம்" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"பாச்சை உருண்டை போட்டு வச்சிருந்தீயளா?"

உம்மா பதில் சொன்னார். "பீரோன்னா போடாம இருப்பாவளா டாக்டர்? பூச்சி அரிச்சிருமே."

டாக்டர் தன் கையாலேயே கம்பளியை உருவி என்னிடம் கொடுத்தார். "இத மொதல்ல வெளிய கொண்டுபோங்க. பீரோவுலருந்து எடுத்த ஒரு துணியும் பிள்ளமேல படப்பிடாது." அந்த வாசனையிலேயே வளர்ந்த மூக்கு எங்களுடையது. எங்களுக்கு அது நல்ல துணியின் அடையாளம்.

மருத்துவமனைத் துணியில் சுற்றி, மறுபடியும் விளக்கில் போட்டார்கள். காலையில் மஞ்சள் ஏறவில்லை. மாலையில் இறங்கத் தொடங்கியது. இரத்தம் மாற்றாமலேயே பிள்ளை பிழைத்தான். காரிடாரில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன்.

பிறகு டாக்டர் எங்கள் மூவரையும் உட்காரவைத்து விளக்கினார். இது ஜி6பிடி குறைபாடாக இருக்கலாம் (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி உடம்பில் போதாமல் இருப்பது, பரம்பரையாக வருவது). குறை இருந்தாலும் சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. பாச்சை உருண்டையின் ஆவி, சில மாத்திரைகள் இவை பட்டால் மட்டும் சிவப்பணுக்கள் கூட்டமாக உடையும். அந்த நொதியைச் செய்யச் சொல்லும் மரபணு (உடம்பு எதை எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்பு) எக்ஸ் என்ற குரோமோசோமில் இருக்கிறது.

"ஆம்பளப் பிள்ளைக்கு எக்ஸ் ஒண்ணுதான். அது உம்மாகிட்டருந்து மட்டுந்தான் வரும். பொம்பளைக்கு ரெண்டு. ஒண்ணுல பழுதுன்னா இன்னொண்ணு பெரும்பாலும் சமாளிச்சிரும்."

எனக்குப் பழகிய கணக்குதான். பெரிய கட்டடத்தில் கம்ப்ரஸர் இரண்டு இருக்கும். வீட்டில் ஒன்றுதான்.

ஜரினா உடைந்துபோனாள். "அப்போ நாந்தான் எம்பிள்ளைக்குக் குடுத்தேனா?"

உம்மா அவள் தலையைத் தடவினார். "நாந்தானட்டி ஒனக்குக் குடுத்திருப்பேன். எனக்கு யார் குடுத்தாவன்னு தெரியல. இதுல யாரப் போயி கோவிக்கச் சொல்லுத?"

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்பமாவது மூத்திரம் இந்த நெறத்துல போயிருக்கா?"

போயிருக்கிறது. இருபத்திரண்டு வயதில் சென்னையில் வேலை பார்த்தபோது மலேரியா வந்தது. பதினான்கு நாள் மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாளே வரக்காப்பி நிறம். பயந்து மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு ஊருக்கு வந்தேன். மஞ்சக்காமாலை என்று உம்மா ஒரு மாதம் உப்பில்லாச் சோறு போட்டார். எல்லோரும் மறந்துவிட்ட அந்த மாதம், என் மருமகனின் தொட்டில் துணியில் திரும்பி வந்திருந்தது.

சிவப்பணுக்கள் உடைந்த சூட்டோடு பரிசோதித்தால் முடிவு தவறிப்போகலாம். நொதி தீர்ந்த பழைய அணுக்கள் முதலில் உடைந்துவிட, நொதி ஓரளவு மிச்சமுள்ள இளம் அணுக்களே மிஞ்சி நிற்கும். ஆகவே நான்கு மாதம் கழித்து வரச் சொன்னார். உங்கள் வீட்டிலும் உடனே எடுத்த பரிசோதனையில் குறை இல்லை என்று வந்தால், மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று தயவுசெய்து கேட்டுக்கொள்ளுங்கள். நானும் இர்ஃபானும் ஒரே நாளில் இரத்தம் கொடுத்தோம். அவன் அழுதான், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இருவருக்கும் ஒரே முடிவு: குறை இருக்கிறது.

எனக்கு ஆச்சரியம்தான் மேலோங்கியது. மலேரியா மிகுந்த ஊர்களில் இந்தக் குறை உள்ளவர்கள் ஓரளவு தப்பிப் பிழைத்திருக்கலாம், அதனால்தான் இது இன்னும் அழியாமல் வருகிறது என்றார் டாக்டர். பெயர் தெரியாத யாரையோ காப்பாற்றிய ஒன்று, மலேரியாவிலிருந்து என்னைக் காப்பாற்றாமல் அதன் மாத்திரையிடம் என்னைப் பிடித்துக்கொடுத்திருக்கிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் நான்கு மாதம். கம்பளியோடு கிடந்த அந்த நாட்களின் சிவப்பணு ஒன்றுகூட இன்று இர்ஃபானின் உடம்பில் இருக்காது. ஆனால் அவற்றைச் செய்யும் குறிப்பு, உம்மாவைவிட வயதில் மூத்தது. என் கையைப் பார்த்தால்கூட, இது முழுக்க என்னுடைய கை என்று இப்போது தோன்றுவதில்லை.

கடைசியாக என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். மகனுக்கு என்னிடமிருந்து இது வராது. அவனுக்கு நான் எக்ஸ் கொடுக்கவே இல்லை. மகள் ஹனாவுக்கு வயது ஆறு. என்னிடம் இருப்பது ஒரே எக்ஸ். அவளுக்கு அதைத்தான் கொடுத்திருக்கிறேன், வேறு கொடுக்க என்னிடம் இல்லை.

தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை டாக்டர் தந்தார். மூன்று நகல் எடுத்தேன். ஒன்று ஜரினாவிடம் இருக்கிறது, ஒன்று என் பர்ஸில். பாச்சை உருண்டைகளை எல்லாம் தூக்கி எறிந்து, கழுவித் துடைத்து, வாசனை போன உம்மாவின் பீரோவில், கம்பளி இருந்த அந்த ஜிப் பையில் மூன்றாவதை வைத்தேன். அது ஹனாவுக்கு என்றாவது பிறக்கப்போகும் பையனுக்கு. அவனுக்கு இந்தக் குறை வரலாம், வராமலும் போகலாம். அவனைப் பார்க்க நான் இருப்பேனா, தெரியாது. அவனை எந்தத் துணியில் சுற்றக் கூடாது என்பது மட்டும் எனக்கு இப்போதே தெரியும்.